முதல் ஒரு மணி நேரம்

நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கொங்குப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் நெஞ்சக நோய் வார்டில். மார்கழிப் பனி இறங்கியதும் அங்கே கட்டில் போதாது. காலமெல்லாம் பஞ்சாலைத் தூசியில் நின்றவர்கள் வருவார்கள். பீடியை விடமுடியாதவர்கள், எப்போதோ காசநோய் வந்து ஆறி, மிச்சமிருக்கும் நுரையீரலோடு காலம் தள்ளுபவர்கள், பீடியைக் கையால்கூடத் தொடாமல் விறகடுப்பின் முன்னாலேயே வயதான பெண்கள் என எல்லோரும் இளைப்போடு வந்து சேர்வார்கள். யாராலும் படுக்க முடியாது. கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவார்கள். ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்துவார்கள்.

எங்களிடம் இருந்ததெல்லாம் ஆக்சிஜன், நெபுலைசர், டெரிஃபிலின் ஊசி, ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக். இவற்றுக்குக் கட்டுப்படாவிட்டால் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடவேண்டும். வென்டிலேட்டரோ ஐசியூவில் இருக்கிறது. அதில் ஏற்கெனவே பாம்பு கடித்தவரோ பூச்சிமருந்து குடித்தவரோ படுத்திருப்பார். இடம் கிடைத்துக் குழாய் போட்டாலும், நாள்பட்ட இளைப்புக்காரரை அதிலிருந்து விடுவிப்பது பெரும்பாடு. தசை தளர்ந்துபோகும், குழாய் வழியே கிருமி இறங்கி நிமோனியா சேர்ந்துகொள்ளும். ஆக்சிஜனுக்கும் குழாய்க்கும் நடுவே எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த நடுவெளியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே போனவர்கள் பலர்.

அந்த வார்டின் மருத்துவர் ஒருநாள் ஒரு கட்டுரையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் கூப்பிட்டார். 1995இல் பிரான்சைச் சேர்ந்த லோரான் ப்ரோஷார் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அது. மூச்சுத்திணறல் முற்றி வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 85 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பாதிக்கு அதோடு முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் வழியே அழுத்தக் காற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குழாய் போடவேண்டி வந்தது, மாஸ்க் கட்டியவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் அந்தப் பக்கம் 29 சதவீதம், இந்தப் பக்கம் 9 சதவீதம். எண்களைப் படித்துவிட்டு அவர் எங்கள் கட்டில் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படி மாஸ்க் வழியே அழுத்தக் காற்று தரும் பைபாப் மிஷின் எங்கள் வார்டுக்கு வந்துசேரச் சில வருஷங்கள் ஆயின. வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். விலை உயர்ந்த பொருள், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். மருத்துவர்தான் சண்டை போட்டு வெளியே எடுத்தார். நோயாளிக்குக் கட்டுவதற்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவர் முகத்திலும் அதைக் கட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நல்ல நுரையீரல் உள்ள எனக்கே முதல் நிமிஷம் திகிலாக இருந்தது. காற்று வந்து முகத்தில் அறைகிறது, வாயைத் திறந்தால் கன்னம் உப்புகிறது, மூச்சை வெளியே விடப்போனால் எதிரே யாரோ நின்று தள்ளுகிறார்கள். கழற்றி எறியக் கை தானாகப் போகிறது. பிறகு பத்துப் பதினைந்து மூச்சில் மிஷினும் நானும் ஒரு தாளத்துக்கு வந்தோம். நான் இழுக்க நினைக்கும்போதே காற்று உள்ளே வந்துவிடுகிறது. "இப்பத் தெரியுதா, மூச்சு முட்டுறவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு?" என்றார். அதன்பின் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு ஈடான பாடம் எதிலும் கிடைத்ததில்லை.

அதன் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம். இழுக்கும்போது வரும் காற்று, களைத்துப்போன உதரவிதானத்தின் சுமையில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்கிறது. விடும்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்பதால் சுருங்கிய சிறு மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ளாமல் திறந்திருந்து, உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழி கிடைக்கிறது. அதோடு கரியமில வாயுவும் போகிறது. இளைப்புக்காரர் ஆபத்தான நிலைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயு ரத்தத்தில் தேங்குவதால்தான். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழறல் என்று அது ஆரம்பிக்கும். கையை முன்னே நீட்டி விரலை விரிக்கச் சொன்னால் மணிக்கட்டு அடித்து அடித்து விழும். வீட்டார் "நேத்தெல்லாம் திணறினாருங்க, இன்னிக்கு நல்லாத் தூங்கறாருங்க" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். எங்களுக்கு அப்போதுதான் வயிற்றைப் பிசையும்.

நான் முதன்முதலில் கூடவே உட்கார்ந்து மாஸ்க் கட்டியது ஒரு ஆத்தாவுக்கு. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில், வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குக் கீழே காய்ந்த சக்கையைத் தள்ளித் தள்ளிப் புகையிலேயே இளமையைக் கழித்தவர். வீட்டிலும் விறகடுப்பு. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, லேபுக்கு ஓடி வாங்கிவந்த ஏபிஜி என்ற ரத்தவாயு அறிக்கையில் பிஎச் 7.24, கரியமில வாயு 82. முறையே 7.35க்கு மேலும் 45க்குக் கீழும் இருக்கவேண்டியவை. கூப்பிட்டால் கண் திறந்தார், திறந்த கண் அப்படியே செருகியது.

மாஸ்க்கை முகத்தில் வைத்ததும் இரண்டு கையாலும் தள்ளினார். "அம்மிணி, காத்து மூஞ்சியிலயே அடிக்குதுங்க. உசுரு போகுது. எடுத்துப் போடுங்க." பட்டையை இழுத்துக் கட்டி, கையைப் பிடித்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்வதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மூச்சுக்குத் தவிக்கிறவரின் முகத்தை மூடிக் கையையும் கட்டினால் அவர் எப்படி நம்புவார்? பட்டையை முழுக்க எடுத்துவிட்டேன். மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்தேன். "கட்டலீங்க ஆத்தா. நீங்களே புடிச்சுக்குங்க. முடியலைன்னா நீங்களே எடுத்துருங்க." அழுத்தத்தைக் குறைத்து, உள்ளே போகும்போது 8, வெளியே வரும்போது 4 என்று வைத்தேன். தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கு அது. அவர் கைமேல் என் கை. மூன்று மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்துவிடுவார். மறுபடி வைப்போம். ஐந்து மூச்சு. மறுபடி. "இப்ப இழுங்க ஆத்தா... இப்ப விடுங்க... அடுப்பு ஊதுற மாதிரி மெதுவா விடுங்க." அடுப்பு என்றதும் உதட்டைக் குவித்தார். பிறவியிலிருந்து செய்த வேலையாயிற்றே.

கால் மணி நேரம் கழித்துத்தான் பட்டையைப் போட்டேன், அதுவும் இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாக. பல்செட் இல்லாத வாய் உள்வாங்கியிருந்ததால் கன்னத்தோரம் காற்று ஒழுகியது. கண்ணுக்குள் அடிக்காதவரை கொஞ்சம் ஒழுகினால் மோசமில்லை, மிஷின் அதை ஈடுகட்டிக்கொள்ளும். அதை நிறுத்துகிறேன் என்று இறுக்கினால் மறுநாளே மூக்குத்தண்டில் தோல் உரிந்து புண்ணாகிவிடும். புண் வந்தவர் அப்புறம் மாஸ்க்கைத் தொடவிடமாட்டார். மூக்குத்தண்டின்மேல் முன்கூட்டியே மெத்தென்ற டிரெஸ்ஸிங் ஒட்டினேன். அழுத்தத்தை 10, 12, 14 என்று அவருக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வயிறு உப்புகிறதா என்று கைவைத்துப் பார்த்துக்கொண்டேன். காற்று வயிற்றுக்குள்ளும் போகும், வாந்தி வந்தால் மாஸ்க்குக்குள்ளேயே புரையேறிவிடும். நிமிஷத்துக்கு 36 இருந்த மூச்சு முப்பதுக்கு வந்தது, அப்புறம் 26. கழுத்துத் தசை இழுப்பது நின்றது. அந்த நேரம் முழுக்க மற்ற கட்டில்களை என்கூட டியூட்டியில் இருந்த அக்கா தனியாளாக ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழிந்து எடுத்த ஏபிஜியில் பிஎச் 7.30, கரியமில வாயு 66. சாயங்காலம் ஆத்தா தானாகக் கண்ணைத் திறந்து, மாஸ்க்கை விலக்கச் சொல்லிக் கைகாட்டி, காப்பி கேட்டார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "காலமெல்லாம் ஊதாங்குழல்ல அடுப்புக்கு நான் ஊதுனேன். இப்ப இது எனக்கு ஊதுதாட்ட இருக்குது."

மாஸ்க்கின் பெருமையே அந்தக் காப்பிதான் என்பேன். தொண்டையில் குழாய் உள்ளவரால் பேச முடியாது, விழுங்க முடியாது, பெரும்பாலும் மயக்க மருந்திலேயே கிடப்பார். மாஸ்க்கில் உள்ளவருக்கு அவ்வப்போது ஓய்வு கொடுக்கலாம். மாத்திரை விழுங்கலாம், வாய் கொப்பளிக்கலாம், பேரனைத் திட்டலாம்.

ஆக்சிஜனைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும், ஏனென்றால் வார்டில் நான் போட்ட சண்டைகளில் பாதி அதைப் பற்றித்தான். சுவரிலிருக்கும் ஃப்ளோமீட்டரில் குண்டு எவ்வளவு மேலே நிற்கிறதோ அவ்வளவு நல்லது, தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு குமிழி வருகிறதோ அவ்வளவு உயிர் என்று வீட்டார் நம்புவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மகன் திருகி ஏற்றிவிடுவார், பாசத்தில்தான். ஆனால் நாள்பட்ட அடைப்பு நோயாளிகள் பலருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் தேங்கும். விரல் மீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் அவர்களுக்குப் போதும். 98 என்று காட்டும்போது வீட்டார் முகம் மலரும், நோயாளி மயக்கத்துக்குள் போய்க்கொண்டிருப்பார். "ஆக்சிஜன் உள்ள போறது வேற, கெட்ட காத்து வெளிய வர்றது வேறங்க. இவருக்கு வெளிய வர்றதுதான் சிக்கல்" என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் புரியும், ஆனால் அதற்கு ஒருவர் நின்று நிதானமாகச் சொல்லவேண்டும். பைபாப் மிஷின் அறைக் காற்றைத்தான் தள்ளுகிறது, தேவைப்பட்டால் மட்டும் அதில் ஆக்சிஜனைச் சேர்க்கிறோம் என்பது இன்றும் பலருக்கு வியப்பாக இருக்கிறது.

இரவு ஷிப்டில் வார்டு அடங்கிய நேரங்களில் அந்த மருத்துவர் பழைய கதைகள் சொல்வார். 1928இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயிஸ் ஷாவும் செய்த இரும்பு நுரையீரலைப் பற்றி அவர் சொல்லித்தான் கேட்டேன். தலை மட்டும் வெளியே நீட்டியிருக்க, உடம்பு முழுக்க உலோகப் பெட்டிக்குள். பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது நெஞ்சு விரிந்து மூச்சு தானே உள்ளே போகும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது அந்தப் பெட்டிகள் போதவில்லை. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் சொன்ன யோசனைப்படி, குழந்தைகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். அழுத்தியவர்கள் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். முறை போட்டுக்கொண்டு, இரவும் பகலும், வாரக்கணக்கில். இன்றைய ஐசியூ பிறந்ததே அந்தக் கட்டில்களில்தான் என்பார். ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்ற விஷயம்தான் என்னை விட்டுப் போகவே இல்லை. பிறகு 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன், தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு மூக்கு வழியே தொடர்ந்து காற்று கொடுத்தார். அந்தக் காற்றை ஊதியது வாக்குவம் கிளீனரின் மோட்டார். குறட்டைக்காரர்களுக்கான சிபாப் அங்கேதான் தொடங்கியது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த பிளான்ட் குழுவினரின் ஆய்வு. 14 மருத்துவமனைகள், 236 நோயாளிகள். ஐசியூவில் இல்லை, சாதாரண வார்டில், எளிய வழிமுறைப்படி வார்டு ஊழியர்களே மாஸ்க் சிகிச்சை கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 20 சதவீதமாக இருந்த இறப்பு 10 சதவீதமாகக் குறைந்தது. வார்டுச் செவிலியர்கள் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலை இது என்று எங்கோ யாரோ எண்களோடு எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெம்பாக இருந்தது.

எல்லோரும் ஆத்தாபோல் எழுந்து உட்காரவில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்த ஒருவர், நல்ல உடம்பு, முறுக்கு மீசை. மீசையோரம் காற்று ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரமாயிற்று, இரண்டு மணி நேரமாயிற்று, மூச்சு குறையவில்லை, பிஎச் இன்னும் இறங்கியது, சளி கொட்டியது, இரும வலுவில்லை. "குழாய் வேண்டாங்க சிஸ்டர், மாஸ்க்கே இருக்கட்டுங்க" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் அரைமணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் குழாய் போட்டார். பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்து மீசைக்காரர் பிழைத்தார். மாஸ்க் கைகொடுக்கவில்லை என்பது அந்த இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தெரிந்தபின்னும் அதையே பிடித்துக்கொண்டிருந்து, கடைசி மூச்சில் குழாய்க்கு ஓடும்போதுதான் இழக்கிறோம்.

இன்னொரு பெரியவர் குழாயே வேண்டாமென்று நினைவு தெளிவாக இருந்தபோதே சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக வந்துபோய்க்கொண்டிருந்தவர், தன் நோய் எங்கே நிற்கிறது என்று அறிந்தவர். அவருக்கு மாஸ்க்தான் எல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினோம். அவர் மாஸ்க்கோடு இருந்த நாட்களில் மூத்த மகள் சேலத்திலிருந்து வந்துசேர்ந்தார். மாஸ்க்கை விலக்கிவிட்டுப் பத்துப் பத்து நிமிஷமாகப் பேசினார்கள். வீட்டுப் பத்திரம், தங்கை பையனின் படிப்பு, எப்போதோ விட்டுப்போன ஒரு மனத்தாங்கல் எல்லாம் பேசி முடித்தார்கள். குழாய் போட்டிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

2021 மே மாதம் கோவையில் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் அப்போது கோவிட் ஐசியூவில் இருந்தேன். மூக்கில் இரண்டு பருத்த குழல் வைத்து நிமிஷத்துக்கு 60 லிட்டர்வரை வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் செலுத்தும் ஹைஃப்ளோ மிஷின்கள் அப்போதுதான் நிறைய வந்தன. முகத்தை மூடாது, பேசலாம், சாப்பிடலாம், குப்புறப் படுக்கலாம். ஆனால் முழு ஆக்சிஜனில் வைத்தால், 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரை இரண்டு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்க, உள்ளே அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். வீட்டாரை உள்ளே விட முடியாது. கவச உடைக்குள் என் முகம் யாருக்கும் தெரியாது, என் குரலும் எட்டாது. மாஸ்க்கைப் பிடுங்கும் இளைஞர்களின் தோளைப் பிடித்து, விரலை உயர்த்தி இறக்கி, இப்போது இழு, இப்போது விடு என்று சைகையாலேயே சொன்னேன். அப்படி அரைமணி நேரம் ஒருவர் நின்ற கட்டில்களில் மாஸ்க் முகத்தில் தங்கியது. அதற்கு ஆள் இல்லாத கட்டில்களில் அது தலையணை ஓரம் காற்றை ஊதிக்கொண்டு கிடந்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மிஷின் எத்தனை வந்தது என்று கணக்குக் கேட்டார்கள். அதைக் கட்டிவிட ராத்திரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. முப்பது கட்டிலுக்கு ஒரு செவிலியர் என்றால் முதல் ஒரு மணி நேரத்தை யார் யாருக்குக் கொடுப்பார்?

இப்போது மிஷின் வீட்டுக்கே போகிறது. இளைப்பு முற்றிக் குணமானபிறகும் கரியமில வாயு தேங்கியே இருப்பவர்களுக்கு, வீட்டு ஆக்சிஜனோடு இரவில் மாஸ்க்கும் சேர்த்தால் மறுபடி மருத்துவமனைக்கு வருவது தள்ளிப்போகிறது என்று 2017இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு காட்டியது. ஓய்வுபெற்றபின் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறேன். கோபிப் பக்கம் ஒரு வீட்டில் மாடு விற்று வாங்கிய மிஷின். பெரியவர் மாஸ்க் கட்டியும் காலையில் தலைவலி என்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார். குழாயைத் தடவிக்கொண்டே போனேன். மாஸ்க்குக்குப் பக்கத்தில் உஸ்ஸென்று காற்று வெளியேறும் சிறு துளைகள்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. "காத்து வீணாப் போகுதுன்னு ஒட்டுனனுங்க" என்றார் மகன். பெரியவர் விட்ட மூச்சு வெளியே போகும் வழியே அதுதான். அதை அடைத்தால் விட்ட காற்றையே திரும்ப இழுக்கவேண்டும். மிஷின் விற்றவர் இதைச் சொல்லித்தரவில்லை, பணத்தை வாங்கிக்கொண்டு, பட்டனைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிளாஸ்டரை எடுத்துவிட்டு அன்று இரவு அங்கேயே தங்கினேன். எல்லாவற்றையும் கூர்ந்து கேட்டவர் மருமகள். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவது, ஃபில்டரின் தூசியைத் தட்டுவது, ஈரமூட்டும் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எந்த பிளக், மாமனார் குழறிப் பேசினாலோ எழுப்பி எழவில்லை என்றாலோ காத்திராமல் 108ஐக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றையும் பையனின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் தலைவலி விட்டது. பெரியவர் காலையில் வாசல்வரை வந்து பால்காரரோடு பேச ஆரம்பித்தார்.

போன மாதம் அந்த மருமகள் போன் செய்தார். அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு மிஷின் வந்திருக்கிறதாம், அந்த அம்மாயி மாஸ்க்கைத் தூக்கித் தூக்கி வீசுகிறாராம். "நீங்க சொன்ன மாதிரியே கையில குடுத்தனுங்க அக்கா. பட்டை போடல. மூணு மூச்சு, அஞ்சு மூச்சுன்னு சொல்லிச் சொல்லி, பத்து மணிக்கு உக்காந்தவ பன்னெண்டு மணிக்குத்தான் எந்திரிச்சனுங்க" என்றார். அந்த வீட்டு மிஷினில் விடும்போதுள்ள அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். அதை டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார், பார்த்துப் படித்துச் சொல்லுங்கள் என்றேன். படித்தார், சரியாகத்தான் வைத்திருந்தார்.